எந்தப் பம்பிலும் இல்லாத தொண்ணூற்று நான்கு

1

இந்தக் கதையை எழுத வைத்தவர் என் மாமியார். அது அவருக்குத் தெரியாது. அவர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்:

"மாப்ளே, வர்ற சனிக்கெழமை போயி அவளைக் கூட்டிட்டு வா. வழியெல்லாம் பேசிக்கிட்டே வரணும். நீ பேச்ச நிறுத்துனா அவ அங்கயே எறங்கிடுவா."

அவள் என்றது தோபிலேயை. என் மனைவி. இறந்து பதினொரு மாதம் ஆகிறது. நோய்க்காலத்தில், எங்கள் ஊர் மருத்துவமனையில், இரண்டாம் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில். யாரையும் உள்ளே விடாத நாட்கள் அவை. உடலைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வண்டியில் ஏற்றி, நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோய் அவளுடைய அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். அம்மா வீட்டார் கேட்டார்கள், சரி என்றேன். அந்த வாரம் யார் எதைக் கேட்டாலும் சரி என்றேன்.

உடல் போய்விட்டது. ஆனால் யாரும் அந்தக் கட்டிலருகே போய் "வா, கிளம்பலாம்" என்று அவளிடம் சொல்லவில்லை. ஆகவே அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்கிறார் மாமியார் மாஷெஸி. அவர்களுடைய ஜூலு இனத்து வீடுகளில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. இலந்தை வகை முள்மரம் ஒன்றின் கிளையை எடுத்துக்கொண்டு இறந்த இடத்துக்குப் போக வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கிளையை வண்டியில் உட்கார வைத்து வீடுவரை கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு திருப்பத்தையும் ஒவ்வொரு பாலத்தையும் அவளுக்குச் சொல்ல வேண்டும். கூட்டி வருகிறவன் அவளோடு மட்டும்தான் பேசலாம். வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

நான் மலைமேல் பிறந்த, கம்பளி போர்த்தும் சோத்தோ இனத்தவன். நகராட்சியில் நில அளவையாளன். இதையெல்லாம் நம்புகிறேனா என்று மாஷெஸி கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கிருக்கும் கேள்வி வேறு. எங்கள் ஊரான ஹாரிஸ்மித்திலிருந்து கடற்கரையில் அவர் வீடு வரை முந்நூற்று முப்பது கிலோமீட்டர். அவ்வளவு தூரம் என்னால் பேச முடியுமா? அவள் போனபிறகு எங்கள் வீட்டுக்குள் நான் சத்தமாக ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை.

அதனால் இது ஒத்திகை. மதிய உணவு இடைவேளையில், பழைய அளவைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இன்று புதன்.

2

தொடக்கங்கள்:

தோபிலே, நான் வந்திருக்கிறேன். உன்னைக் கூட்டிக்கொண்டு

[இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்பாள்.]

தோபிலே, உன் அம்மாதான் என்னை அனுப்பி

[பழியை மாமியார் மேல் போடுகிறேன். உடனே கண்டுபிடித்துவிடுவாள்.]

தோபிலே, வண்டி கீழே நிற்கிறது. இறங்க நாற்பத்து நான்கு படி. கைப்பிடி இடப்புறம். ஏழாவது படியில் ஒரு

[இது அளவை அறிக்கை.]

'நான்' என்று எழுதினால் மூன்றாவது சொல்லில் கை நின்றுவிடுகிறது. எனவே வேறொருவனை அனுப்பிப் பார்க்கிறேன். அவன் பெயர் லெஃபா. என் வேலை, என் வீடு, என் பழைய வெள்ளைப் பிக்கப் எல்லாவற்றையும் அவனுக்குக் கொடுத்துவிட்டேன். வாய் மட்டும் அவனுடையது. நான் சொல்லாததையெல்லாம் அவன் சொல்வான்.

தோபிலேயின் பெயரையும் மாற்ற நினைத்தேன். நேற்று ஒரு பக்கம் முழுக்க வேறு பெயர் வைத்து எழுதினேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. தோபிலே என்றால் பணிவானவள் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

3

லெஃபாவுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வாரம். ஹாரிஸ்மித் முடிந்து, கணவாய் இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பெட்ரோல் பம்ப். அவன் கண்ணாடியை இறக்கினான். பம்பில் வேலை செய்யும் பூலெங் தொப்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தாள். நாற்பது தாண்டியவள். அவள் குரல் சாலையின் அந்தப் பக்கத்தில் மேயும் மாடுகளையும் திரும்பிப் பார்க்க வைக்கும்.

"அடடே, கடைசியில ஒருத்தி மாட்டிக்கிட்டாளா! வணக்கம் மக்கோட்டி." புதுமருமகளை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "சொல்லு தம்பி, எது ஊத்தட்டும்? தொண்ணூத்தி மூணா, தொண்ணூத்தஞ்சா?"

தோபிலேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னக்கா, பெட்ரோல் போட வந்தா பரீட்சை வைக்கிறீங்க?"

"ஏன், உங்க ஊர்ல கேக்க மாட்டாங்களா?"

"கேக்க என்ன இருக்கு? எங்க ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். தொண்ணூத்தஞ்சு. ரொப்புன்னா ரொப்புவாங்க."

"அது கடலு. இது மலை. இங்க ரெண்டு. உன் ஆளு இதுவரைக்கும் மூணைத் தவிர வேற நம்பர் வாயால சொன்னதே இல்ல."

தோபிலே கணவன் பக்கம் திரும்பினாள். "பெரிசு இருக்கும்போது எதுக்குச் சின்னது?"

"பெரிசுன்னா ஒசத்தின்னு யார் சொன்னது?" என்றான் லெஃபா. பிறகு விளக்கத் தொடங்கினான்.*

* விளக்கத்தை இங்கே தள்ளிவைக்கிறேன், கதை நின்றுவிடக் கூடாது என்று. எண் கூடினால் பெட்ரோலுக்கு வலு கூடும் என்று பாதி நாடு நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி இல்லை. இன்ஜினுக்குள் காற்றோடு சேர்த்து நசுக்கும்போது, தீப்பொறி வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான எண் அது. ஆக்டேன். எங்கள் ஊர் கடல்மட்டத்துக்கு ஆயிரத்து அறுநூறு மீட்டர் மேலே. காற்று மெலிந்தது, நசுக்கலும் குறைவு, தொண்ணூற்று மூன்றே போதும். கடலோரம் காற்று கனத்தது. அங்கே தொண்ணூற்றைந்து வேண்டும். முந்திக்கொண்டு பற்றினால் உள்ளே சிறு சுத்தியால் தட்டுவதுபோல் கேட்கும். விடாமல் தட்டினால் ஒருநாள் பிஸ்டனில் ஓட்டை விழும். லெஃபா இதைச் சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. முடிவில் பூலெங் கண்ணாடியைத் துடைத்து, டயருக்குக் காற்றும் பார்த்துவிட்டிருந்தாள். தோபிலே கொட்டாவி விட்டாள்.

"சரி, உன் மூணையே ஊத்திக்க" என்றாள். "கஞ்சத்தனத்துக்கு இவ்ளோ பெரிய பாடமா!"

4

மலைக்காரர்கள் மட்டும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஊரிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு கடலுக்கு இறங்குவது.

இறங்கும்போது ஒன்றும் தெரியாது. வண்டிக்கு அப்போது வேலையே இல்லை. திரும்பும்போதுதான் இருக்கிறது. அந்த மாதம் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது லெஃபாவின் டேங்கில் பாதி இன்னும் மலைப் பெட்ரோல். பின்னால் மாஷெஸி ஏற்றிவிட்ட ஆறு மூட்டை சேப்பங்கிழங்கு. அதன்மேல் கல்யாணச் சீராக ஒரு மர அலமாரி. டர்பனைத் தாண்டியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும் பைன்டவுன் ஏற்றம்.

தோபிலே ரேடியோவை அணைத்தாள்.

"கேளு."

"என்னத்த?"

"உன் தொண்ணூத்தி மூணு பல்லக் கடிக்குது."

லெஃபாவுக்கும் கேட்டது. "அலமாரிக் கதவு ஆடுது."

"அலமாரிய இன்ஜினுக்குள்ளயா ஏத்துனோம்?"

"ரோடு சரியில்ல."

"ரோடு சரியில்ல, அலமாரி சரியில்ல. ரோட்ட அளக்குறவன் மட்டும் சரி."

"வண்டிப் புத்தகத்துல தொண்ணூத்தி மூணு போதும்னுதான் போட்டிருக்கான்."

"அந்தப் புத்தகத்த மலையில உக்காந்து எழுதுனானா, கடலோரம் உக்காந்து எழுதுனானா?"

அவன் கியரைக் குறைத்தான். சத்தம் குறையவில்லை. அவள் குனிந்து முன்பலகையில் காதை வைத்தாள். கடற்கரையில் அவளுடைய அப்பா சரக்கு லாரி ஓட்டியவர். ஏழு வயதிலிருந்து இந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம்.

"பாவம்டா, கத்துது. ஓரமா நிறுத்து. கொஞ்சம் மூச்சு விடட்டும்."

நிறுத்தினான். அவள் இறங்கி பம்பரில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றாள். பானட்டை ஒரு கையால் தட்டிக்கொடுத்தாள். லாரிகள் உறுமிக்கொண்டு போயின. இருபது நிமிடம் கழித்து லெஃபா அவள் பக்கத்தில் வந்து நின்று சொன்னான்:

"நீ சொன்னதுதான் சரி."

[இந்தப் பகுதியில் எல்லாம் உண்மை. ஏழு வயது, கொய்யாப்பழம், பானட். கடைசி வரி மட்டும் லெஃபாவுடையது. நான் அதைச் சொல்லவில்லை. மூன்று வருடம் 'அலமாரிக் கதவு' என்றே சாதித்தேன். சனிக்கிழமை அதே மேட்டை மேலிருந்து கீழாகக் கடப்பேன். அங்கே சொல்லிவிட வேண்டும் என்று ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறேன்.]

5

அடுத்த தடவை பம்புக்குள் நுழையும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"மூணு" என்றான் லெஃபா. "இந்த வாரம் மலைய விட்டு இறங்கவே போறதில்ல. எதுக்கு அஞ்சு?"

"அஞ்சு" என்றாள் தோபிலே. "திடீர்னு அம்மா கூப்பிட்டா? அப்போ போயி மாத்துவியா?"

"அம்மா ஏன் திடீர்னு கூப்பிடணும்?"

"நீ மூணு ஊத்துறன்னு கேள்விப்பட்டா கூப்பிடுவாங்க."

"உங்க கடல்காரங்களுக்குக் காத்தும் தண்ணியும் ஓசியில கெடைக்குது. திமிரு."

"உங்க கம்பளிக்காரங்களுக்கு மூளையையும் சேத்துப் போத்தி வச்சிருக்கு."

பூலெங் இரண்டு குழாய்களுக்கும் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றாள். "முடிஞ்சுதா? இல்ல நான் போயி டீ குடிச்சுட்டு வரட்டுமா?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"பாதி அவனுக்கு. பாதி உனக்கு. கூட்டிக் கழிச்சா தொண்ணூத்தி நாலு. எந்த பம்புலயும் கெடைக்காது. உங்க ரெண்டு பேரு டேங்குல மட்டும்தான் இருக்கும். போதுமா? எறக்குங்க மூஞ்சிய."

முதலில் மூன்று ஊற்றினாள், பிறகு அஞ்சு. தோபிலே தலையை வெளியே நீட்டி மீட்டரைப் பார்த்தாள், பாதி பாதிதானா என்று. லெஃபாவும் அந்தப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தான்.

அன்றிலிருந்து அந்தப் பம்பில் அவர்களுக்கு வேறு பெயர் இல்லை. வண்டி தூரத்தில் வரும்போதே பூலெங் கத்துவாள்: "தொண்ணூத்தி நாலு வந்துருச்சு! ரெண்டு குழாயும் எடுங்கடி!" எந்த நாளும் சண்டை இல்லாமல் ஊற்ற மாட்டாள். ஒருநாள் தோபிலேக்குத் தலைவலி. "ஏதோ ஒண்ணு ஊத்துங்கக்கா" என்றாள். பூலெங் குழாயைத் திரும்ப மாட்டிவிட்டாள். "அதெல்லாம் முடியாது. ஒழுங்கா ரெண்டு பேரும் கத்துங்க. அப்பதான் ஊத்துவேன்."

6

இன்று வியாழன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன்.

பூலெங்கின் மேல் எனக்குச் சந்தேகம். அவளை அளவுக்கு மேல் அன்பானவளாக எழுதிவிட்டேனா? உண்மையான பூலெங் எரிச்சல்காரியும்கூட. ஒருமுறை டயருக்குக் காற்றடிக்கும்போது தோபிலேயின் விரலை மிதித்துவிட்டு, மன்னிப்புக் கேட்காமல், விரலை அங்கே ஏன் வைத்தாய் என்று திட்டினாள். அதையும் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டேன்.

லெஃபா மேலும் சந்தேகம். அவன் என்னைவிட நல்லவனாகிக்கொண்டே போகிறான். பேசுகிறான், ஒத்துக்கொள்கிறான், திருப்பிக் கேலி செய்கிறான். நான் இவ்வளவு கேலி செய்ததில்லை. 'மூணு' என்று மட்டும் சொல்வேன். மீதியையும் அவளே பேசுவாள், எனக்காகவும் சேர்த்து. "இப்போ நீ என்ன சொல்லுவ தெரியுமா" என்று தொடங்கி என் பக்க வாதத்தையும் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பதிலும் சொல்வாள்.

அதனால்தான் இப்போது சிக்கல். முந்நூற்று முப்பது கிலோமீட்டருக்கும் என் பக்கத்தை நானே பேச வேண்டும்.

இந்தப் பதினொரு மாதமும் நான் அந்தப் பம்புக்குப் போகவில்லை. ஊரின் மறுமுனையில் இன்னொன்று இருக்கிறது. அங்கே "ரொப்பு" என்று மட்டும் சொல்வேன். அவர்கள் கைக்கு எது வருகிறதோ அதை ஊற்றுவார்கள். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. என் டேங்கில் இப்போது என்ன எண் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் சந்தையில் பூலெங் எதிரே வந்தாள். சீருடை இல்லாமல், கையில் முட்டைக்கோசோடு. என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டாள்.

"தொண்ணூத்தி"

அங்கேயே நின்றுவிட்டாள். முட்டைக்கோசை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினாள். "நல்லா இருக்கியா தம்பி" என்றாள். இருக்கிறேன் என்றேன்.

அந்தப் பாதி எண்ணை அவள் எங்கே கொண்டுபோய் வைத்தாளோ.

7

சனிக்கிழமை. லெஃபா மருத்துவமனையின் பின்படி வழியாக இரண்டாம் மாடிக்குப் போகிறான். தலைமைச் செவிலியிடம் ஏற்கெனவே அனுமதி வாங்கியாயிற்று. கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. "இந்த மாசம் அஞ்சாவது ஆளு நீங்க. காலையில சீக்கிரம் வந்துடுங்க" என்றார். [இது உண்மையில் நடந்தது.] கிளையைக் கட்டிலின் மேல் வைக்கிறான். அவளைக் கூப்பிடுகிறான். [எப்படி என்று இன்னும் எழுதவில்லை.] கிளையோடு படியிறங்கி, பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட்டை மாட்டுகிறான்.

பதினைந்து நிமிடத்தில் பம்ப் வந்துவிடுகிறது.

முதல் வடிவம்: வெள்ளிக்கிழமையே டேங்கை நிரப்பிவிடுகிறான். பம்பைத் தாண்டிப் போய்விடுகிறான்.

சுலபம். ஆனால் மாஷெஸி தெளிவாகச் சொல்லிவிட்டார். "அவளுக்குத் தெரிஞ்ச வழியில வா. அவ நிக்கிற எடத்துல எல்லாம் நில்லு. நிக்கலன்னா வேற எவனோ வண்டி ஓட்டுறான்னு நெனச்சுக்குவா." அந்தப் பம்பை நிற்காமல் நாங்கள் ஒருநாளும் தாண்டியதில்லை.

இரண்டாம் வடிவம்: லெஃபா நிறுத்துகிறான். பூலெங் வருகிறாள். "என்னப்பா, ஆளையே காணோம்? எது ஊத்தட்டும்?" அவன் பேசவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று குனிந்தவள் பக்கத்து இருக்கையையும் கிளையையும் பெல்ட்டையும் பார்க்கிறாள். தொப்பியைக் கழற்றுகிறாள். ஒன்றும் கேட்காமல் முதலில் மூன்று, பிறகு அஞ்சு, பாதிக்குப் பாதி.

எழுதி முடித்தபோது எனக்கே பிடித்திருந்தது. அதனாலேயே ஒரு டீ குடிக்கும் நேரம் ஆறப்போட்டேன். ஆறியதும் தப்பு தெரிந்தது. நாங்கள் இருவரும் விட்டுக்கொடுக்காததால் பிறந்த எண் அது. யாரும் கத்தாமல் பூலெங் தானாக ஊற்றினால் அது தொண்ணூற்று நான்கு ஆகாது. வெறும் இரண்டு பெட்ரோல்.

மூன்றாம் வடிவம்: லெஃபா விரலால் காட்டுகிறான்.

விரலால் காட்டலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இடைவேளையிலேயே மாஷெஸிக்குப் போன் செய்தேன்.

"விரலு யாரோடது?"

"என்னோடதுதான் அத்தை."

"அப்போ நீதான் பேசுற."

"ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் காட்டுனா?"

"படிச்சவன் புத்தி போகுதா பாரு. வாயால பேசாதன்னா கையால பேசுவேன்றான். மாப்ளே, எதுக்கு இவ்ளோ கஷ்டம்? பக்கத்துல அவ இருக்கா. அவளக் கேளு."

"அத்தை, அவ"

"அவதான் எப்பவும் சொல்லுவா, இல்லியா? உன்னப் பேச விட்டிருக்காளா? நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா! கேட்டுட்டுச் சும்மா உக்காரு."

அவர் சிரித்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். "வந்ததும் ரெண்டு பேருக்கும் கெழங்கு அவிச்சு வைக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

என்ன எண் என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து என்றால், இறங்குகிற வழிக்கும் அவள் ஊருக்கும் அதுதான் சரி. ஆனால் அவள் ஜெயித்துவிட்டாள், சண்டை முடிந்தது என்றாகும். தொண்ணூற்று மூன்று என்றால் நான் ஜெயித்தேன். அதைவிடக் கேவலமான வெற்றி இந்த மாகாணத்தில் இருக்க முடியாது. நான்கு என்று நானே சொன்னால் அவள் பாதியையும் சேர்த்து நான் சொன்னதாகும். சண்டை முடிய வேண்டாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

8

வெள்ளி. இன்று இடைவேளையில் எழுதவில்லை. வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன்.

அலுவலகத்தின் பின்னால் வண்டிகள் நிறுத்தும் திடல். மதியம் காலியாக இருக்கும். பக்கத்து இருக்கையில் எதுவும் வைக்கவில்லை. கிளை வீட்டில் ஈரத்துணியில் சுற்றி இருக்கிறது. வெறும் இருக்கைக்கு பெல்ட்டை மாட்டினேன். சாவியைத் திருகினேன். எழுதி வைத்திருந்த தாளை முன்பலகையில் வைத்தேன். லெஃபாவின் வாக்கியங்கள், அழகானவை. முதல் வரியைப் படித்தேன். என் குரல் அறிவிப்பு வாசிப்பதுபோல் இருந்தது. தாளைக் கவிழ்த்துவிட்டேன்.

கியரைப் போட்டேன்.

"தோபிலே, வண்டிய எடுக்குறேன்" என்றேன்.

பிறகு, "இடது பக்கம் திரும்புறேன். எங்க ஆபீஸுதான், உனக்குத் தெரியும். புதுசா இரும்பு கேட்டு போட்டிருக்கான், பச்சைப் பெயின்ட். பாக்கவே சகிக்கல. வேகத்தடை வருது, பிடிச்சுக்க. இதுவும் புதுசு. நான்தான் எடத்த அளந்து குடுத்தேன். ரெண்டு அடி தள்ளிப் போட்டுட்டானுங்க. யாரும் கண்டுபிடிக்கல. மறுபடி இடது பக்கம். பக்கத்து வீட்டு நாய் நாலு குட்டி போட்டுச்சு. ஒண்ணு நம்ம வாசல்லதான் படுத்துக் கெடக்குது. நான் சோறு வைக்கல. சரி, வச்சேன். ஒரு தடவ. மறுபடி வேகத்தடை. குழாய் ஒழுகுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே, சரி பண்ணிட்டேன். இப்போ ராத்திரி வீட்ல சத்தமே இல்ல. மறுபடி ஒழுக விட்டுட்டேன். இடது பக்கம்..."

மூன்றாவது சுற்றில் காவலாளி கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். ஐந்தாவது சுற்றில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், யாரோட பேசிக்கிட்டிருக்கீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. பதினொரு மாதமாக யாருக்கும் சரியாகப் பதில் சொல்லாமல்தான் இருக்கிறேன். இந்த முறை அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். மாட்டியிருந்த பெல்ட்டைப் பார்த்தார். ஜூலுக்காரர். இரண்டடி பின்னால் நகர்ந்து, குனிந்து, காலி இருக்கையைப் பார்த்து, "நல்லபடியா போயிட்டு வாம்மா" என்றார்.

ஏழு சுற்று. இடைவேளை முடிந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

9

லெஃபாவை இங்கே இறக்கிவிடுகிறேன். நல்லவன். எனக்காக நிறையப் பேசினான். ஆனால் இது முன்னால் ஒரே வரிசை இருக்கை உள்ள பிக்கப். இரண்டு பேர்தான் உட்காரலாம்.

நாளைக் காலை எட்டு மணிக்குள் பம்ப் வந்துவிடும். பூலெங் கேட்பாள். அவளுக்கு நான் பதில் சொல்லக் கூடாது. தோபிலே பக்கம் திரும்பி, "எத ஊத்தச் சொல்லட்டும்?" என்று கேட்பேன். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் ஒரு வரி எழுதினாலும் அவள் வாயில் சொல்லைத் திணித்ததாகும்.

நாளை நீண்ட விடுமுறையின் முதல் நாள். கடலுக்கு இறங்கும் கூட்டம் இருக்கும். நீங்களும் அந்த வரிசையில் நிற்கலாம். உங்களுக்கு முன்னால் ஒரு பழைய வெள்ளைப் பிக்கப் நகராமல் நிற்கும். ஓட்டுகிறவன் பக்கத்து இருக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். பம்ப்காரி கையில் குழாயோடு காத்திருப்பாள்.

ஹார்ன் அடிக்காதீர்கள். தோபிலே யோசித்துக்கொண்டிருக்கிறாள்.